சரோஜாம்மா கற்ற ஸ்பானிஷ்

திங்கட்கிழமை காலை பெரம்பூரில் திருப்பதி ரயில் ஏறினேன். புத்தூர் வரை எழுபது ரூபாய் டிக்கெட், நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். பையில் நான்கைந்து புடவை, ஒரு சால்வை, ஒரு ஸ்பானிஷ் பாடப் புத்தகம். எதிர் இருக்கையில் மொட்டை போடப் போகும் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா, ஸ்லோக புஸ்தகமா?" என்று கேட்டார். வேறு பாஷை கற்றுக்கொள்ளும் புத்தகம் என்றேன். "திருப்பதிக்குத் தெலுங்கே போதுமே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

நான் சென்னையில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறவள். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலைக்குப் போகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் என்னிடம் வருவார்கள். நான் கற்றது ஸ்பெயின் நாட்டு ஸ்பானிஷ். அது சுத்தமானது, இலக்கணம் தவறாதது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் ரயிலேறினேன். திரும்பும்போது அது எங்கே போயிற்று என்று தேடவும் தோன்றவில்லை.

என்னை அழைத்தவர் சரோஜாம்மா. புத்தூருக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிராமத்தில் கரும்பும் மாமரமும் வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தமிழ், மண்டல் ஆபீசிலும் மண்டியிலும் தெலுங்கு என்று பல தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். அவருடைய ஒரே மகன் தாமோதரன் டிப்ளமா படித்தவன். இரு சக்கர வண்டி செய்யும் கம்பெனி ஒன்று அவனைக் கொலம்பியா நாட்டுக்கு, அங்குள்ள மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தர அனுப்பியது. நம்மூர் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் அந்த நாட்டில் நிறைய ஓடுகின்றன. தலைநகர் பொகோட்டாவில் மார்லேனி என்ற பெண்ணை அவன் கல்யாணம் செய்துகொண்டான். பொங்கலுக்கு அழைத்து வருகிறேன் என்று சொல்லியிருந்தான். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து, இறந்துபோனான். தகனமும் அங்கேயே நடந்தது. எட்டு மாதம் கழித்து இப்போது மார்லேனி அஸ்தியை எடுத்துக்கொண்டு வருகிறாள். அவளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது.

போனில் மொழிபெயர்த்துப் பேசும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த வீட்டிலும் அதைத்தான் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சரோஜாம்மா ஒரே நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். என்னோடு முதல் தடவை பேசியபோதே சொன்னார்: "எம் புள்ள எப்டி செத்தான்னு ஒரு மெஷினா வந்து எனக்குச் சொல்லணும்? அவ வாயால சொல்லட்டும் டீச்சரு. கடேசில நோவு பட்டானா, இன்னா பேசினான், எல்லாம் நான் அவுளயே கேக்கணும். கேக்கற அளவுக்கு எனக்குக் கத்துக் குடு."

என்னிடம் படித்த ஒரு புத்தூர்ப் பெண் மூலமாக வந்த வேலை இது. இரண்டு மாதம் வீடியோவில் பாடம் நடத்தினேன், பெயர் சொல்வதற்கும் எண்ணுவதற்கும் மேல் நகரவில்லை. மார்லேனி வருவதற்கு முந்தைய வாரம் நேரிலேயே வந்துவிடச் சொன்னார்கள்.

புத்தூர் ஸ்டேஷனில் என்னைக் கூட்டிப்போக வந்தவர் தாமோதரனின் அப்பா கோவிந்தன். உயரமானவர், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பையை வாங்கி ஆட்டோவில் வைத்தார். வழியில் கை கால் கட்டோடு வருகிறவர்கள் எதிர்ப்பட்டார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட உலகமே இந்த ஊருக்குத்தான் வருகிறது.  இறங்கும்போது கோவிந்தன், "அவ கேக்கறதெல்லாம் சொல்லிக் குடும்மா" என்றார்.

அந்த வாரம் முழுக்கப் பாடம்தான். சரோஜாம்மாவுக்கு அறுபது வயது, அஞ்சாங்கிளாஸ் வரை தெலுங்கு மீடியம். வேர்க்கடலை உரித்துக்கொண்டே கற்றார். என் புத்தகத்தை நான் திறந்த முதல் நாளே அதை மூடச் சொல்லிவிட்டார். "இதுல இருக்கற மாரி அவ பேசுவாளா?" என்று கேட்டார். மார்லேனி அனுப்பியிருந்த குரல் பதிவுகளைப் போட்டுக் கேட்டோம். அவர் சந்தேகப்பட்டது சரி. மார்லேனி பொகோட்டாவுக்கு வடக்கே உள்ள மலைநாட்டு விவசாயக் குடும்பத்துப் பெண். அந்த மலைப் பேச்சு என் புத்தகத்துக்கு வெளியே இருந்தது.

விருந்தாளியை உள்ளே வரச் சொல்ல ஸ்பெயினில் ஒரு சொல் உண்டு. மார்லேனியின் ஊரில் அதைச் சொல்வதில்லை, 'சீகா' என்கிறார்கள். மேலே நடங்கள், நிற்காதீர்கள் என்று பொருள். நாம் வாங்க என்கிற இடத்தில் அவர்களுக்கு அது. 'சுமெர்ஸே' என்று இன்னொன்று. மரியாதையும் பாசமும் சேர்ந்த 'நீங்கள்'. பெற்றவர்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள், பெற்ற பிள்ளையையும் அப்படித்தான். அதைக் கேட்டதும் சரோஜாம்மா, "அப்போ நம்ம நைனா மாரி" என்றார். அந்தப் பக்கத்தில் அப்பாவும் நைனா, கொஞ்சும்போது மகனும் நைனா. எனக்கு இந்த ஒப்பீடு தோன்றவே இல்லை. நன்றி சொல்ல, கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரட்டும் என்கிறார்கள். தெரியாமல் இடித்துவிட்டால், உங்களிடம் எனக்கு என்ன வெட்கம் என்கிறார்கள். பால் இல்லாத காப்பிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை மாட்ரிட்டில் சொன்னால் சிவப்பு ஒயின் வரும். நல்லவேளை, அந்த வீட்டில் இரண்டுமே புழங்குவதில்லை.

"சாப்டியான்னு எப்டிக் கேக்கறது?" என்று முதல் நாளே கேட்டார். 'யா கோமியோ' என்று சொல்லித் தந்தேன். "அவன் இல்லாம வூடு வூடா இல்லன்னு எப்டி சொல்றது?" என்று மூன்றாம் நாள் கேட்டார். மார்லேனியின் குரல் பதிவுகளை மறுபடி போட்டேன். ஒன்றில் கிடைத்தது. 'மே ஆசே ஃபால்தா.' ஒருவர் இல்லாதது எனக்குள் குறையாக இருக்கிறது என்று சொல்லும் சாதாரணப் பேச்சு. பாட்டி இறந்ததற்கும் சொல்வார்கள், உப்பு தீர்ந்ததற்கும் சொல்வார்கள். சரோஜாம்மா அதைச் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கூடத்தில் கேட்டது. கேட்கக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை பகல், மார்லேனியை அழைத்துவரக் காரில் கிளம்பினேன். போக வர இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேச்சு. டிரைவர் பாஷா சித்தூர்க்காரர். வடமாலபேட்டை டோல்கேட்டைத் தாண்டினால் ரேணிகுண்டா விமான நிலையம் பக்கம்தான். ஹைதராபாத் விமானத்திலிருந்து இறங்கியவர்களில் பாதிப்பேர் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்கள். அவர்களுக்கு நடுவே குட்டையாக, சிவந்த கன்னத்தோடு, கறுப்புக் கம்பளி மேலாடை போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பத்து நான்கு வயது இருக்கும். நெஞ்சோடு ஒரு சிறிய மரப்பெட்டியை அணைத்திருந்தாள். என் பெயரைச் சொன்னேன். "கடவுள் திருப்பித் தரட்டும், சுமெர்ஸே, இவ்வளவு தூரம் வந்ததற்கு" என்றாள். உலகத்தைப் பாதி சுற்றி வந்தவள் எனக்குச் சொன்னாள் இதை.

தாமு சின்ன வயதில் ஏறிய மலைப்பாதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டாள். திருப்பதி மலைப்படி தொடங்கும் அலிபிரிக்கு விடச் சொன்னேன். பாஷா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தர்சனமா மேடம்? டிக்கெட் உந்தா, இருக்குதா?" அவள் மடியிலிருந்த பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். வண்டியின் வேகம் குறைந்தது. "அப்ப கொண்ட ஏறக் கூடாது மேடம். ஒரு வருஷம் போவணும். அந்தம்மாக்கு சொல்லுங்க" என்றார். சொன்னேன். கொண்ட என்றால் மலை என்றும், சாவு நடந்த வீட்டார் ஒரு வருடம் மலைக்குப் போக மாட்டார்கள் என்றும் விளக்கினேன். அவள் தலையாட்டினாள். அலிபிரியில் இறங்கி, படி தொடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். கற்பூரம் ஏற்றுகிறவர்கள், படிக்குப் படி மஞ்சள் வைக்கிறவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டவர்கள் எல்லாரும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இதையெல்லாம் விளக்கத் தெரிந்த எனக்கு, சொல்லவேண்டிய வேறொன்றைச் சொல்லத் தோன்றவில்லை. நமக்கு அது மூச்சு விடுவது மாதிரி. யாருக்கும் யாரும் விளக்குவதில்லை.

மாலை நான்கு மணி சுமாருக்கு வீட்டு வாசலில் கார் நின்றது. கோவிந்தன், அவர் தம்பி ஏழுமலை, அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள். நிலைப்படி அருகே சரோஜாம்மா. மார்லேனி இறங்கிப் போய்க் கேட் முன்னால் நின்றாள். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகும் நின்றாள்.

அப்போது ஏழுமலை என்னைப் பார்த்துச் சொன்னார்: "அஸ்திய வூட்டுக்குள்ள எடுத்துனு வரக் கூடாது. வேப்ப மரத்துல கட்டிடலாம்னு சொல்லு." நான் அப்படியே ஸ்பானிஷில் சொன்னேன். அந்த வீட்டில் அவள் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

அவள் முகம் வெளுத்துப் போனது. என் பக்கம் திரும்பி மிக மெதுவாகப் பேசினாள். "எங்கள் வீட்டில் நான் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் அவர்தான் கதவைத் திறப்பார். வாம்மா வா என்பார். 'எங்கள் ஊர் வீட்டில் உன்னைப் பார்த்ததும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், சொல்லாமல் விடவே மாட்டார்கள்' என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். இவர்கள் சொல்லவில்லை. அவரையும் உள்ளே விடவில்லை. நான் திரும்பிப் போகிறேன், சுமெர்ஸே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துக்கத்துக்கு முதல் தடவையாக வருகிறவரை நாம் வாங்க என்று கூப்பிடுவதில்லை. போகும்போது அவர்களும் போய்ட்டு வரேன் என்று சொல்வதில்லை. சாவு வீட்டுக்கு மறுபடி வரும்படி ஆகக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். அந்த வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர. தாமு, உயிரோடு இருப்பவர்களுக்கான பேச்சை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் வேறு எதைச் சொல்லிக் கொடுத்திருப்பான்?

அவளுக்கு அதை விளக்கினேன். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை என்பதையும், அது அவனை வேண்டாம் என்பதல்ல என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் நம்பினாளா என்று தெரியவில்லை. பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அப்படியானால் நான் அவரோடு வெளியே இருக்கிறேன்" என்றாள்.

அதைத் தமிழில் சொன்னதும் ஏழுமலை, "இன்னா பிடிவாதம் இது" என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த ஒரு பெண், "மொத தடவ வூட்டுக்கு வர மருமவ, ஆலத்தி எடுத்துக் கூட்டினு போவ வேண்டிய பொண்ணு" என்று முணுமுணுத்தாள். இன்னொருத்தி, "அது எப்டி எடுக்கறது இந்த நேரத்துல" என்றாள். இரண்டும் வழக்கம்தான். ஒரே பெண் முன்னால் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன, யாருக்கும் வழி தெரியவில்லை.

சரோஜாம்மா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரமாக 'சீகா, சுமெர்ஸே' என்று சொல்லிப் பழகியவர். உதடு அசைந்ததைப் பார்த்தேன், சொல் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு படியிறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"அவ உள்ள வர வாணாம். நான் வெளிய வரேன்" என்றார். வேப்ப மரத்தடியில் இருந்த கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார். மார்லேனி பெட்டியோடு போய் அங்கே உட்கார்ந்தாள்.  அப்புறம் சரோஜாம்மா, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கிற மாதிரி, "யா கோமியோ, சுமெர்ஸே?" என்று கேட்டார்.

மார்லேனி திரும்பிப் பார்த்தாள். பதிலைத் தமிழில் சொன்னாள்.

"இன்னும் துன்னல."

வாசலில் நின்ற பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். சரோஜாம்மா அப்படியே உடைந்துபோனார். "ஐயோ, எம் புள்ள பேச்சு. வாயி இவுளுது, பேச்சு எம் புள்ளயுது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். அவள் எந்த வகுப்பிலும் தமிழ் படித்தவள் அல்ல. தாமுவின் வாயிலிருந்து விழுந்த பத்துப் பதினைந்து வார்த்தைகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். அவற்றுக்குப் புத்தூர் மண்டலத்துக்கு வெளியே மதிப்பெண் கிடைக்காது. 'மே ஆசே ஃபால்தா' என்றார் சரோஜாம்மா. எனக்கும்தான், என்றாள் அவள் ஸ்பானிஷில். அதுவரை என்னைத் தேடவில்லை அவர்கள்.

அப்புறம்தான் கேள்வி வந்தது. கடைசியில் நோவு பட்டானா என்று சரோஜாம்மா கேட்டார். அதற்கு அவருடைய ஸ்பானிஷ் போதவில்லை, என்னைக் கூப்பிட்டார். கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லத் தொடங்கினேன். கோவிந்தன் மரத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

மார்லேனி பெட்டியை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் தாமு ஸ்பானிஷை மறந்துபோனான். அவளைப் பார்த்தும் தமிழிலேயே பேசினான். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாள். மறுபடி கேட்பான். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பான். அப்படியே போய்விட்டான். "ஸெ மெ முரியோ கோன் ஸெத்" என்றாள். ஸ்பானிஷில் இப்படிச் சொல்லும்போது சாவு தனியாக நடப்பதில்லை. என் கையில், எனக்கு, என்னை மீறி நடந்தது என்று சேர்த்தே சொல்கிறார்கள். "என் கையிலிருந்து தாகத்தோடு போய்விட்டார். எட்டு மாதமாக நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அவரைப் பெற்றவளிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். கொடுத்திருக்கலாம். ஒரு வாய் கொடுத்திருக்கலாம்" என்றாள்.

இதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சரோஜாம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். பிள்ளை தாகத்தோடு செத்தான் என்று கேட்க எந்தத் தாய்க்குத் தாங்கும்? இதற்காகவா இரண்டு மாதம் கற்றுக்கொடுத்தேன் என்று எனக்கே வெறுத்துப்போனது. மெஷினே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து கோவிந்தன் குரல் வந்தது. "இன்னா சொன்னான்னு அவுளயே சொல்லச் சொல்லு. தமிழ்ல. அவன் சொன்ன மாரியே."

கேட்டேன். மார்லேனி கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மாதமாகக் காதில் வைத்திருந்ததை, ஓசை மாறாமல், குரலை உயர்த்தி, இழுத்துச் சொன்னாள்.

"நைனா... தண்ணி போய்க்கினு கீது... நிப்பாட்டு நைனா..."

கோவிந்தன் திரும்பினார். அந்த மனிதர் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அவள் முன்னால் வந்து குந்திக்கொண்டார். "அவன் குடிக்கத் தண்ணி கேக்கலம்மா" என்றார். என்னிடம், "சொல்லு, சொல்லு அவளுக்கு" என்று அவசரப்படுத்தினார்.

அவர் சொன்னது இது. அப்போதெல்லாம் கழனிக்குக் கரண்டு எப்போது வரும் என்று தெரியாது. வந்ததும் கோவிந்தன் மோட்டார் கொட்டகைக்கு ஓடுவார். தாமு மண்வெட்டியோடு கழனியின் கடைசிக்குப் போவான். கரும்புக்கு ஒவ்வொரு பாத்தியாக மடை திருப்பி விட்டுக்கொண்டே போகவேண்டும். கரும்பு வளர்ந்துவிட்டால் அப்பனுக்கும் மகனுக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல்தான். கடைசிப் பாத்தியும் ரொம்பி வரப்பைத் தாண்டித் தண்ணீர் போக ஆரம்பித்ததும் அவன் அங்கிருந்து கூவுவான். இவர் மோட்டாரை நிறுத்துவார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு துன்னுவார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து வேலைக்குப் போகும்வரை அவன் அப்படிக் கூவியிருக்கிறான்.

"வேல முடிஞ்சா கூவறதும்மா அது. எல்லாம் ரொம்பிட்ச்சி, போதும், வூட்டுக்குப் போலாம்னு அர்த்தம். நோவுல கேட்டதில்ல. தாகமில்ல. கழனில நின்னுனு கூவிக்கினு இருந்திருக்கான்."

ஸ்பானிஷில் இதைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. மடைக்கும் பாத்திக்கும் என்னிடம் சொல் இல்லை. ஆனால் மார்லேனி விவசாயி மகள். உருளைக்கிழங்குக் காட்டில் இரவில் தண்ணீர் பாய்ச்சியவள். நான் கையால் காட்டிய உடனே பிடித்துக்கொண்டாள். அவள் ஊர்ச் சொற்களை அவளே எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் நிரம்பிவிட்டதா, என்றாள். நிரம்பிவிட்டது என்றேன். தாகம் இல்லையா, என்றாள். இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். இந்தத் தடவை கோவிந்தனே, புரிந்துகொண்டு, தலையை ஆட்டினார். அவள் பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை. சரோஜாம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இருட்டத் தொடங்கியதும் ஏழுமலை ஒரு புது மஞ்சள் துணி கொண்டுவந்தார். பெட்டியை அவரே வாங்கி, துணியில் சுற்றி, வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினார். ஒரு அகல் ஏற்றி வைத்தார். "நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன். எங்கண்ணன் புள்ளய தனியா வுட மாட்டேன். அதுங்கள உள்ள இட்டுனு போயி எதனா துன்னக் குடுங்க" என்றார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிலைப்படியில் சரோஜாம்மா நின்று, வாங்க என்று அப்போதும் சொல்லாமல், "சீகா" என்றார். மார்லேனி உள்ளே போனாள்.

மறுநாள் காலை நகரி ஆற்றுக்குப் போனோம். பதினைந்து கிலோமீட்டர். கார்த்திகை மழைக்குப் பிறகு ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது, இல்லாவிட்டால் மணல்தான். ஐயர் ஏதோ சொல்லச் சொன்னார், கோவிந்தன் சொன்னார். பெட்டியைத் திறந்தபோது, அவள் பிடிக்கட்டும் என்று அவர் ஜாடை காட்டினார். பெண்கள் இதற்கெல்லாம் ஆற்றில் இறங்குவதில்லை என்று கரையில் யாரோ சொன்னது கேட்டது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மார்லேனி இறங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்த்தார்கள்.

தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போவதைக் கோவிந்தன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கழனிக்கு அந்தக் கோடியில் நிற்கிறவனுக்குக் கேட்கவேண்டும் என்பதுபோல உரக்கக் குரல் கொடுத்தார்.

"நிப்பாட்டிட்டேன் நைனா. நீ போ."

யாரையும் நாம் போ என்று அனுப்புவதில்லை. போய்ட்டு வா என்றுதான் சொல்வோம். அன்று அந்த அப்பா போ என்றே சொன்னார். என்ன சொன்னார் என்று மார்லேனி என்னைக் கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் அவர் கையைப் பிடித்துக் கரையேற்றினாள்.

அவள் இன்னும் மூன்று வாரம் அங்கே இருக்கப்போவதாகச் சொன்னாள். நான் அன்று பிற்பகலே புத்தூரில் ரயில் ஏறினேன். துக்க வீடு என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ரயில் நிற்கிற இடத்திலெல்லாம் நின்று, பெரம்பூர் வந்து சேரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். எங்கள் அடுக்குமாடியில் மேல்நிலைத் தொட்டி நிரம்பிச் சுவரோரமாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தினமும் நடப்பதுதான். இரண்டாம் மாடியிலிருந்து யாரோ வழக்கம்போலக் கத்தினார்கள்: "தண்ணி போகுது, யாராவது மோட்டார நிறுத்துங்கப்பா!" நான் பையைப் படியில் வைத்துவிட்டு நின்றுவிட்டேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் போய் நிறுத்திவிட்டு, பதினெட்டு வருடமாக அந்தக் கட்டடத்தில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தேன். மேலே பார்த்து, நிறுத்திட்டேன் என்று பதில் குரல் கொடுத்தேன்.